கார் ஷெட் எபாக்ஸி தரை: குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ரெசினும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்து கான்கிரீட்டின் மேல் போடும் கோட்டிங்தான் எபாக்ஸி தரை. ஆள் வைத்துப் போட்ட எபாக்ஸி தரை முதல் வாரத்தில் எல்லா வீட்டிலும் பளபளவென்றுதான் இருக்கும். அந்தப் பளபளப்பை வைத்துத் தரத்தை எடை போட முடியாது. மட்டமான சரக்கும் பளபளக்கும், சரியாகத் தேய்க்காத கான்கிரீட்டின் மேல் போட்டதும் பளபளக்கும். கான்கிரீட்டை எப்படிச் சுரண்டினார்கள், அதில் எவ்வளவு ஈரம் இருந்தது, எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பதெல்லாம் அடியில் மறைந்திருக்கிறது. குறை ஒன்று வெளியே தெரியும்போதுதான் அதைப் படிக்க வாய்ப்பு கிடைக்கிறது. ஆகவே உரிந்த இடத்தில் அவசரப்பட்டு பெயின்ட் அடித்து மூடாதீர்கள். முதலில் பாருங்கள்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு நாணயம், கூர்மையான பேனாக்கத்தி, வெள்ளைப் பருத்தித் துணி, கொஞ்சம் அசிட்டோன், தண்ணீர், சாக்பீஸ், இவ்வளவு போதும். தரையைப் பெருக்கிவிட்டு, இருட்டிய பிறகு டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம், ரோலர் கோடு, ஊசித்துளை எல்லாம் நிழலோடு தெரியும். சாதாரண எபாக்ஸியில் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு நாளில் நடக்கலாம், முழுமையாக இறுக ஏழு நாள் ஆகும். அதற்கு முன் கத்தி, அசிட்டோன் சோதனைகளைச் செய்து யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். பாலிஆஸ்பார்டிக் என்ற வேறு வகைக் கோட்டிங் என்றால் இதைவிடச் சீக்கிரம் இறுகிவிடும்.

சில்லு சில்லாகப் பெயர்ந்து வருகிறது

எல்லாக் குறையிலும் இதுதான் அதிகம் பேசும். பெயர்ந்த சில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெயிலில் எடுத்துப் போய்த் திருப்பி, அதன் முதுகைப் பாருங்கள்.

முதுகில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கிறதா? பெருவிரலால் தேய்த்தால் மாவு மாதிரி கையோடு வருகிறதா? அது சிமென்ட் பால். கான்கிரீட் போடும்போது தண்ணீர் அதிகமானால் மேலே மிதந்து வந்து உறையும் பலவீனமான படலம். கோட்டிங் அந்தப் படலத்தை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. படலம்தான் கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிடிக்கவில்லை. கிரைண்டிங் செய்யவில்லை, அல்லது பேருக்கு ஒரு முறை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெறும் ஆசிட் கழுவலோடு நிறுத்திய தரைகளிலும் இது வரும். ஆசிட் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அரிப்பதில்லை. கழுவி எடுக்காமல் விட்டால் அதன் உப்பும் அங்கேயே தங்கிவிடும்.

முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால் கதை வேறு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கொத்தனார் கரணை ஓட்டிய வளைகோடுகள்கூட அதில் அச்சாகப் பதிந்திருக்கும். கரணையால் வழவழப்பாக இழைத்த கான்கிரீட்டின் மேல் அப்படியே போட்டிருக்கிறார்கள், பிடிமானத்துக்குச் சொரசொரப்பே இல்லை. உரிந்த இடத்தில் தெரியும் கான்கிரீட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்துவிட்டால் பரவாயில்லை. முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ, புதுக் கான்கிரீட் சீக்கிரம் உலராமலிருக்க அடிக்கும் கியூரிங் காம்பவுண்டோ, துளைகளை அடைக்கப் பூசிய பழைய சீலரோ அங்கே இருக்கிறது. கார் என்ஜினுக்கு நேர் கீழே மட்டும் பெயர்கிறது என்றால் பெரும்பாலும் எண்ணெய்தான். கான்கிரீட்டுக்குள் இறங்கிய எண்ணெயை மேலே சோப்புப் போட்டு மட்டும் எடுக்க முடியாது. டிகிரீசர் போட்டு ஊற வைத்து, தேய்த்து, கழுவி, திரும்பவும் சொட்டுச் சோதனை செய்ய வேண்டும். அப்படியும் நின்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து எபாக்ஸி மார்ட்டர் (எபாக்ஸியும் மணலும் கலந்த சாந்து) நிரப்புவதுதான் வழி.

மூன்றாவது வகை: சில்லு மெல்லியதாக இருக்கிறது, அது போன இடத்திலும் கலர் தெரிகிறது. அதாவது ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் பிரிந்திருக்கிறது. முதல் கோட் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அடுத்ததைப் போட்டிருப்பார்கள். எபாக்ஸி முழுதாக இறுகிவிட்டால் அடுத்த கோட் அதோடு கலந்து ஒட்டாது. எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த கோட் போட வேண்டும் என்பது சரக்கின் தகவல் தாளிலேயே இருக்கும். நடுவில் தூசியோ வெள்ளைப் படலமோ படிந்திருந்தாலும் இதே மாதிரிதான் பிரியும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது நல்ல சேதி. முதுகில் மணலும் ஜல்லித் துண்டும் ஒட்டிக்கொண்டு கனமாக வந்தால், ஒட்டு நன்றாக இருந்திருக்கிறது, கான்கிரீட்தான் உடைந்திருக்கிறது. ஜாக்கி விழுந்த இடமாக இருந்தால் அதற்குக் கோட்டிங் போட்டவரைக் குறை சொல்ல நியாயமில்லை.

அடுத்து, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர்ந்த இடத்திலிருந்து வெளிப்பக்கமாக நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பிடித்திருக்கும் இடத்தில் சத்தம் கட்டியாக இருக்கும், விட்ட இடத்தில் பொள்ளென்று கேட்கும். சாக்பீஸால் எல்லை போடுங்கள். எல்லைக்கு வெளியே நல்ல இடம் என்று தோன்றும் ஒரு மூலையில், கத்தியால் கான்கிரீட் வரைக்கும் பெருக்கல் குறி கீறி, நடுவிலிருந்து கத்தி முனையால் நெம்புங்கள். பொடிப் பொடியாக மட்டும் உடைந்து வந்தால் நல்லது. தோல் மாதிரி உரிந்து வந்தால், அங்கே இன்னும் பெயராததற்குக் காரணம் கார் இன்னும் ஏறவில்லை என்பதுதான்.

வாக்குவாதம் முற்றினால் இழுவைச் சோதனை கேளுங்கள். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி 7234 முறைப்படி உலோகக் குமிழ் ஒன்றைத் தரையில் ஒட்டி, கருவியால் இழுத்துப் பிய்ப்பார்கள். 1.5 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்க வேண்டும் என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு. எண்ணைவிட எந்த இடத்தில் பிய்ந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கான்கிரீட்டுக்குள் பிய்ந்திருந்தால் கோட்டிங் தன் வேலையைச் செய்திருக்கிறது.

டயர் நின்ற நான்கு இடங்களில் மட்டும் உரிகிறது

ஓடி வந்த கார் டயர் சூடாக விரிந்திருக்கும். நின்ற பிறகு ஆறிச் சுருங்கும்போது தரையைக் கவ்வி இழுக்கும். ரப்பரில் இருக்கும் இளக்கி ரசாயனமும் சூட்டோடு கசிந்து கோட்டிங்கை மிருதுவாக்கும். மறுநாள் காலை காரை எடுக்கும்போது கோட்டிங் டயரோடு வந்துவிடுகிறது. மெல்லியதாக அடித்த தண்ணீர்வகை எபாக்ஸிப் பெயின்டில் இது சகஜம்.

இங்கேயும் சில்லின் முதுகைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். முதுகு வழவழவென்றிருந்தால் டயர் ஒரு சாக்குதான், அடித்தளம் தேய்க்கப்படவில்லை. அடிக் கோட் அப்படியே இருக்க மேல் கோட் மட்டும் வந்தால் மேல் கோட் இன்னும் இறுகாமலே காரை ஏற்றியிருக்கலாம். “மூன்றாம் நாளே ஏற்றலாம்” என்று கான்ட்ராக்டர் சொன்னாரா, ஏழு நாள் சொல்லியும் நாம் ஏற்றினோமா என்பதை நேர்மையாக நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உரியாமல் பழுப்புக் கறை மட்டும் விழுந்திருந்தால் அது வேறு விஷயம். ரப்பர் வெடிக்காமலிருக்க டயரில் சேர்க்கும் ரசாயனம் இறங்கிய கறை. சுத்தமாகப் போவது கடினம், ஆனால் ஒட்டுக்கு ஆபத்தில்லை.

கொப்புளம் கிளம்புகிறது

கொப்புளத்தை முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு அணுகுங்கள். நிஜமாகவே பாதுகாப்புக் கண்ணாடி. உள்ளே நீர் இருந்தால் அது அழுத்தத்தோடு இருக்கும், குத்தியவுடன் பீய்ச்சும். கான்கிரீட்டின் காரம் கலந்த நீர், கண்ணில் பட்டால் எரித்துவிடும். கையுறையும் போட்டுக்கொண்டு ஊசியால் குத்திப் பாருங்கள்.

காற்று மட்டும் இருந்து, போட்ட ஓரிரு நாளிலேயே வந்த கொப்புளம் என்றால், சூடேறிய கான்கிரீட் காற்றை வெளியே தள்ளியிருக்கிறது. அடுத்த தலைப்பில் வரும் ஊசித்துளையின் அண்ணன் அது.

நீர் இருந்து, சில மாதம் கழித்துக் கிளம்பிய கொப்புளம் என்றால் கீழிருந்து ஓதம் ஏறுகிறது. தமிழ்நாட்டில் பழைய வீடுகளின் கார் ஷெட்டில் கான்கிரீட்டுக்கு அடியில் பெரும்பாலும் பாலித்தீன் விரிப்பு போட்டிருக்க மாட்டார்கள். மண்ணின் மேல் ஜல்லி, அதன் மேல் கான்கிரீட், அவ்வளவுதான். சித்திரையில் கோட்டிங் போட்டபோது தரை உலர்ந்து கிடந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் ஈரம் மேலே வரும். கோட்டிங் வழியை அடைத்துவிட்டதால் போக இடமில்லாமல் கொப்புளமாகத் தூக்கும். சுவர் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதிசெய்ய, ஒரு கொப்புளப் பகுதியை முழுதாகச் சுரண்டி, வெறும் கான்கிரீட்டைத் தேய்த்துக் காயவிடுங்கள். அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டிப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஏஎஸ்டிஎம் டி 4263 சொல்லும் முறை இது. எடுத்துப் பார்க்கும்போது பாலித்தீனின் உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஓதம் உறுதி. வெயில் நேராக விழும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள், முடிவு கெட்டுப்போகும். இன்னொன்று: ஈரம் தெரியவில்லை என்பதால் ஓதமே கிடையாது என்று ஆகிவிடாது. அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். கோடையில் செய்த சோதனையை மழைக்காலத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. துல்லியம் வேண்டுமானால் துளையிட்டு, கான்கிரீட் கனத்தில் 40 சதவீத ஆழத்தில் ஈரமானி வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. அது ஏஎஸ்டிஎம் எஃப் 2170.

ஓதக் கொப்புளத்தைக் குத்தி, மேலே கொஞ்சம் எபாக்ஸி தடவுவது வேலைக்கு ஆகாது. பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். பாதித்த பகுதி முழுவதையும் எடுத்து, கிரைண்ட் செய்து, ஈரம் தடுக்கும் எபாக்ஸி பிரைமரை அதற்குரிய தடிமனில் போட்டு, அப்புறம்தான் கலர் கோட். ஷெட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கினாலோ, கழிவுநீர்க் குழாய் கசிந்தாலோ அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஓதம் மிகக் கடுமையாக இருக்கும் ஷெட்டில் எபாக்ஸியை விட்டுவிட்டு, ஈரம் மூச்சு விடக்கூடிய சாதாரணத் தரைக்கே போய்விடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஊசித்துளையும் குழியும்

டார்ச் வெளிச்சத்தில் மேலெல்லாம் ஊசி குத்தியது போல் துளைகள் தெரிந்தால், காலையில் போட்டார்களா என்று கேளுங்கள். காலை வெயிலில் கான்கிரீட் சூடேறும்போது அதன் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து, ஈரமாக இருக்கும் கோட்டிங்கைக் குத்திக்கொண்டு வெளியேறும். சூடு இறங்க ஆரம்பிக்கும் மாலையில் போட்டால் இந்தப் பிரச்சினை குறைவு. பிரைமரைக் கான்கிரீட் உறிஞ்சித் தீர்த்துவிட்டது தெரிந்தும் இரண்டாவது முறை போடாமல் விட்டாலும் வரும். கலக்கும் மெஷினை வேகமாக ஓட்டிக் காற்றை உள்ளே அடித்து, குமிழை உடைக்கும் முள் ரோலரும் ஓட்டாமல் விட்டாலும் வரும். மேலே இன்னொரு கோட் அடித்தால் துளை அதே இடத்தில் திரும்பத் திறக்கும். உப்புத்தாள் போட்டு, எபாக்ஸி பட்டியைக் கரணையால் அழுத்தி நிரப்பி, பிறகு கோட் போட வேண்டும்.

துளைக்குப் பதிலாக, கலர் விலகி ஓடிய வட்டக் குழிகள் இருந்தால் எண்ணெயோ சிலிகானோ பட்டிருக்கிறது. கார் டேஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரே காற்றில் வந்து விழுந்தாலே போதும். நன்றாகத் துடைத்து, தேய்த்து, திரும்பப் போடுவதுதான் வழி.

பிசுபிசுப்பு போகவில்லை

தரை முழுவதும் லேசான பிசுபிசுப்பு என்றால் குளிரோ, நாள் போதாமையோ காரணமாக இருக்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழியில் போட்டால் இறுக அதிக நாள் எடுக்கும். சமவெளியில் ஏழு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் காலத்தைக் குறை சொல்ல முடியாது.

திட்டுத் திட்டாக மட்டும் பிசுபிசுத்தால் கலவையில் தவறு. டின்னின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருப்பது சரியாகக் கலந்திருக்காது. கடைசியில் டின்னைக் கவிழ்த்து வடித்த இடமெல்லாம் இப்படி ஆகும். அளவை எடையால் சொல்லியிருக்க, கொள்ளளவால் ஊற்றினாலும் இதே கதிதான். “ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் காயும்” என்று சில வேலையாட்கள் நம்புகிறார்கள். எபாக்ஸியில் அது நடக்காது. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால்தான் இறுகும், கூடினாலும் குறைந்தாலும் மிச்சம் இறுகாமலே நிற்கும்.

வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து, ஓரமான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கலர் ஏறி, தேய்த்த இடம் இளகி ஒட்டினால் இறுகவில்லை. அந்தத் திட்டுகளைச் சுரண்டி எடுத்துத் துடைத்து, கிரைண்ட் செய்த பிறகே திரும்பப் போட வேண்டும். மேலே கோட் போட்டு மூடிவிடுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

வெள்ளைப் புகை படிந்த மாதிரி, தொட்டால் மெழுகு மாதிரி

ஈரக் காற்றும் கரியமில வாயுவும் ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற ரசாயனத்தோடு சேர்ந்து மேலே உருவாக்கும் படலம் இது. மேல் கோட்டில் இருந்தால் வெந்நீரும் லேசான சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். தின்னர் போட்டுத் துடைத்தால் இழுபடும், போகாது. இடைக் கோட்டில் இருந்து கழுவாமல் விட்டதுதான் ஆபத்து. முன்னால் சொன்ன மூன்றாவது வகைப் பெயர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது.

விதி எளியது: தரையின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் ஈரம் படியும் அந்த வெப்பம் சுமார் 27 டிகிரி. நிழலில் இருக்கும் ஷெட் தரை 28 டிகிரிதான் இருக்கும். அன்று போடவே கூடாது. சென்னை, கடலூர், நாகை பக்கம் மழைக்காலத்தில் போட வருகிறவரிடம் ஈரப்பதமானி இருக்கிறதா என்று கேட்பது மிகையில்லை.

கேட் ஓரம் மஞ்சளாகிவிட்டது

சாதாரண எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும், நாளடைவில் சுண்ணாம்பு மாதிரி பொடியும். அது அதன் இயல்பு. பூத்தொட்டியோ மிதியடியோ இருந்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பழைய நிறம் அப்படியே இருந்தால் வெயில்தான் காரணம். ஒப்பந்தத்தில் வெயில் தாங்கும் அலிபாட்டிக் பாலியூரித்தேன் அல்லது பாலிஆஸ்பார்டிக் டாப் கோட் என்று எழுதியிருந்து, சில மாதத்திலேயே இப்படி ஆனால், அந்த டாப் கோட் போடப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். வெறும் எபாக்ஸி என்று எழுதியிருந்தால் கேட்க வழியில்லை. தேய்த்துவிட்டு இப்போதாவது போட்டுக்கொள்ளலாம்.

விரிசல்

நேர்கோடாக, ஷெட்டின் குறுக்கே ஒரே சீராக ஓடும் விரிசல் என்றால், கீழே கான்கிரீட்டில் விட்டிருந்த ஜாயின்ட்டை மூடிக் கோட்டிங் போட்டிருக்கிறார்கள். கான்கிரீட் அங்கே விரிந்து சுருங்கும், எபாக்ஸிக்கு அந்த நெகிழ்வு இல்லை. அதே கோட்டில் வெட்டித் திறந்து, நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புங்கள். கோணல்மாணலான விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். முனை கோட்டைத் தாண்டி நகர்ந்தால் அடியில் மண் இறங்குகிறது. அதைக் கோட்டிங் ஆள் சரிசெய்ய முடியாது.

மழையில் வழுக்குகிறது

உரியவில்லை, கொப்புளம் இல்லை என்றாலும் ஈரக் காலோடு பாட்டி நடக்க முடியாத தரை நல்ல தரை இல்லை. தேய்த்துவிட்டு, சிலிக்கா மணலோ அலுமினியம் ஆக்சைடு பொடியோ கலந்த டாப் கோட் போடச் சொல்லுங்கள். முதலில் இரண்டடி இடத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி நடந்து பாருங்கள். மணல் பருமன் கூடினால் அழுக்கு பிடித்துத் துடைக்க முடியாமல் போகும்.

கேட்ட தடிமன் இருக்கிறதா?

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வர ஒரு லிட்டர் வேண்டும். இதற்கு மேல் கணக்கே இல்லை. 200 சதுர அடி ஷெட் என்றால் 18.6 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் செல்ஃப் லெவலிங் (ஊற்றினால் தானே சமமாகப் பரவும் வகை) என்று பேசியிருந்தால் 37 லிட்டர் சரக்கு இறங்கியிருக்க வேண்டும். நிரப்பும் தூள் கலந்த சரக்கு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கனக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ செட் ஒன்று 13 லிட்டர்தான் வரும். ஒரே ஒரு செட்டை இழுத்துப் பரப்பினால் தடிமன் 0.7 மில்லிமீட்டர். லிட்டருக்குச் சரியாக எத்தனை கிலோ என்பது தகவல் தாளில் இருக்கும், அதைப் போட்டுக் கணக்கிடுங்கள். தண்ணீரோ தின்னரோ கலந்த வகை என்றால் காய்ந்த பிறகு மிஞ்சும் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி ஆவியாகிப் போகும் சரக்கில் தடிமனும் பாதிதான்.

காலி டின்களை எண்ணிப் படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான். வேலை முடிந்த பிறகு பார்க்க வேண்டுமானால், பெயர்ந்த சில்லை வெர்னியர் காலிப்பரில் வைத்து அளக்கலாம். பெயராத தரையில், அலமாரி வரப்போகும் மூலையில் சிறு துளை போட்டு விளிம்பை அளக்கலாம்.

கிரைண்டிங்கும் இதோடு சேர்ந்தது. கான்கிரீட் பழுதுபார்ப்புக்கான அமெரிக்காவின் ஐசிஆர்ஐ அமைப்பு கான்கிரீட்டின் சொரசொரப்பை 1 (மிக வழவழப்பு) முதல் 10 (மிகச் சொரசொரப்பு) வரை மாதிரித் தகடுகளாக வைத்திருக்கிறது. மெல்லிய பெயின்டுக்கு 1 முதல் 3, செல்ஃப் லெவலிங்குக்கு 4 முதல் 6. கடினமான கான்கிரீட்டில் வைரக்கல் கிரைண்டர் ஓட்டி 4-ஐ எட்டுவது சிரமம், சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக வீசித் தரையைச் சொரசொரப்பாக்கும் ஷாட் பிளாஸ்டிங் வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் “தரையைச் சுத்தம் செய்து” என்று மட்டும் எழுதியிருந்தால் அதைத் திருத்தி எந்த முறை, எந்த அளவு என்று எழுத வையுங்கள்.

திருத்தி வாங்கும்போது

சில்லுகளைத் தேதியும் இடமும் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். பேச்சைவிட அவை பலமாகப் பேசும். பழுதான இடத்தை நல்ல விளிம்பு வரும் வரை எடுத்து, விளிம்பை நேராக வெட்டி, கிரைண்ட் செய்து, பிரைமர் போட்ட பிறகு ஒரு முறை நீங்களே போய்ப் பாருங்கள். சிறு ஒட்டு என்றாலும் அந்த இடத்துக்கும் ஏழு நாள் உண்டு. வேறு பேட்ச் சரக்கு என்றால் நிறம் பெரும்பாலும் அப்படியே ஒத்துப்போகாது. ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது என்றால், முழுத் தரையையும் உப்புத்தாள் போட்டு, சுவரிலிருந்து சுவர் வரை ஒரே பேட்சில் டாப் கோட் போட வேண்டியிருக்கும். அதன் செலவு யாருடையது என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.